மாவு ஆலையில் கேட்ட மரணக் குரல்!
கடலில் மூழ்கிய கப்பலின் கூக்குரலை வீட்டு ரேடியோவில் கேட்ட வாலிபர்

1912-ம் ஆண்டு ஏப்ரல் 15-ந் தேதி. பொழுது இன்னும் விடியவில்லை.

இங்கிலாந்தை ஒட்டினாற்போல் இருக்கிறது வேல்ஸ் நாடு. அங்கே கெல்லிகிராய்ஸ் என்ற இடத்தில் ஒரு பழைய மாவு ஆலை. ஆற்றுத் தண்ணீரில் சக்கரம் சுழன்று, மாவு அரைக்கிற ஆலை அது.

ஊர் முழுவதும் உறங்குகிறது. ஆலைக்குள் ஒரு வாலிபர் மட்டும் விழித்துக் கொண்டு இருக்கிறார். அவருடைய காதில் ஒரு கருவி. கையில் பென்சில். எதிரே அவரே செய்த ரேடியோ.

காதில் "டிக்... டிக்... டிக்" என்று சத்தம் கேட்கிறது. அது தந்தி ஓசை. புள்ளியும் கோடுமாக வருகிற அந்த ஓசையை அவர் எழுத்தாக மாற்றி எழுதுகிறார்.

எழுத எழுத, அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது!

"டைட்டானிக்" என்ற பெரிய கப்பல் பனிப்பாறையில் மோதிவிட்டது. அது மூழ்கிக் கொண்டு இருக்கிறது. "உடனே உதவிக்கு வாருங்கள்" என்று அந்தக் கப்பல் கதறுகிறது!

கப்பல் இருந்த இடம் அந்த ஆலையில் இருந்து 3,600 கிலோமீட்டருக்கு அப்பால். நடுவே பெரிய கடல். கம்பி கிடையாது. ஆனாலும் அந்தக் கூக்குரல் ஒரு மாவு ஆலைக்குள் வந்து விழுந்தது.

அதைக் கேட்ட வாலிபரின் பெயர் ஆர்தர் மூர். எல்லோரும் அவரை "ஆர்ட்டி" என்று செல்லமாக அழைப்பார்கள். அவர் அரசாங்க உத்தியோகஸ்தர் அல்ல. கப்பல் கம்பெனிக்காரரும் அல்ல. ரேடியோ அவருக்குப் பொழுதுபோக்கு. அவ்வளவுதான்!

மரக்கால் சிறுவன்

ஆர்ட்டி 1887-ம் ஆண்டு பிறந்தார். அவருடைய தகப்பனார் அந்த மாவு ஆலையை நடத்தி வந்தார். ஆர்ட்டிதான் மூத்த பிள்ளை.

சிறு வயதிலேயே அவருக்கு ஒரு பெரிய துன்பம் நேர்ந்தது. ஆலையில் ஏற்பட்ட விபத்தில் அவருடைய ஒரு கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. அதன் பிறகு மரக்கால்தான் துணை.

மற்றப் பிள்ளைகள் ஓடி விளையாடினார்கள். ஆர்ட்டியால் அப்படி ஓட முடியவில்லை. கால் போனால் என்ன? கைகள் இரண்டும் இருந்தன. அந்தக் கைகள் சும்மா இருக்கவில்லை. எதையாவது கழற்றும். எதையாவது மாட்டும்.

ஆலையில் பல்சக்கரங்கள், தண்டுகள், வார்ப்பட்டைகள் எல்லாம் உண்டு. எந்தச் சக்கரம் சுற்றினால் எது சுற்றும் என்பதைப் பார்த்துப் பார்த்தே அவர் யந்திர வேலை கற்றுக் கொண்டார்.

பரிசாக வந்த புத்தகம்

ஆர்ட்டி ஒரு சின்ன நீராவி யந்திரத்தைத் தன் கையாலேயே செய்தார். பார்ப்பதற்கு மட்டும் அல்ல. அது உண்மையாகவே ஓடும்! அதை ஒரு பத்திரிகை நடத்திய போட்டிக்கு அனுப்பினார். பரிசு கிடைத்தது.

பரிசு என்ன தெரியுமா? பணம் அல்ல. பதக்கமும் அல்ல. ஒரு புத்தகம்!

சர் ஆலிவர் லாட்ஜ் என்பவர் எழுதிய விஞ்ஞானப் புத்தகம் அது. காந்தம், மின்சாரம் ஆகியவற்றைப் பற்றியது. லாட்ஜ், கம்பியில்லாத் தந்தியை ஆராய்ந்த பெரிய நிபுணர்களில் ஒருவர்.

அந்தப் புத்தகம் ஆர்ட்டியின் வாழ்க்கையைத் திருப்பிவிட்டது. நீராவி மேல் இருந்த ஆசை மின்சாரத்தின் மேல் திரும்பியது. "கம்பி இல்லாமல் செய்தி அனுப்ப முடியுமாமே! நாமும் செய்து பார்த்தால் என்ன?" என்ற ஆசை அவரைப் பிடித்துக் கொண்டது. அது சாகும் வரை விடவில்லை.

பக்கத்திலேயே நடந்த அதிசயம்

கம்பியில்லாத் தந்தி அப்போது புத்தம் புதிது. 1890-களில்தான் அது பிறந்தது. நம் நாட்டு விஞ்ஞானி ஜகதீஷ் சந்திர போஸ் கல்கத்தாவில் அந்தக் காலத்திலேயே ரேடியோ அலையைச் சுவர் கடந்து செலுத்தி, மறுபக்கத்தில் மணி அடிக்க வைத்துக் காட்டினார்.

இத்தாலியில் பிறந்த மார்க்கோனி அதை வியாபாரத்துக்கு உரியதாக ஆக்கினார். 1897-ம் ஆண்டு மே மாதம் அவர் கடலைத் தாண்டி முதல் செய்தியை அனுப்பினார். அது நடந்த இடம் எது? ஆர்ட்டியின் ஊர் இருக்கும் அதே தெற்கு வேல்ஸ்தான்! லாவர்நாக் முனைக்கும், கடலுக்குள் இருக்கும் ஒரு சின்னத் தீவுக்கும் இடையே அந்தச் சோதனை நடந்தது. அப்போது ஆர்ட்டி சிறுவன்.

1901-ம் ஆண்டு டிசம்பர் 12-ந் தேதி மார்க்கோனி அட்லாண்டிக் பெருங்கடலையே தாண்டினார். இங்கிலாந்தில் இருந்து புறப்பட்ட "டிக், டிக், டிக்" என்ற மூன்று புள்ளிகளைக் கடலுக்கு அந்தப் பக்கம், நியூபவுண்ட்லாந்தில் கேட்டதாக அவர் அறிவித்தார். உலகம் மூக்கில் விரலை வைத்தது.

அது எப்படி வேலை செய்தது?

அந்தக் காலத்து ரேடியோவில் பாட்டும் கிடையாது; பேச்சும் கிடையாது. தந்தி ஓசை மட்டும்தான்.

இரண்டு உலோகக் குமிழ்களை எதிர் எதிரே வைப்பார்கள். நடுவில் சிறு இடைவெளி. அதிக அழுத்தமுள்ள மின்சாரத்தைச் செலுத்தினால், அந்த இடைவெளியில் பளீர் என்று தீப்பொறி பாயும். பொறி பாயும்போது, கண்ணுக்குத் தெரியாத அலை ஒன்று நாலாபக்கமும் கிளம்பும். குளத்தில் கல்லைப் போட்டால் அலை பரவுகிறது அல்லவா? அதுபோலத்தான். ஆனால் இந்த அலை ஒரு விநாடியில் 3 லட்சம் கிலோமீட்டர் ஓடும்!

தந்திச் சாவியைச் சட்டென்று தட்டினால், குட்டையான ஓசை. அது புள்ளி. கொஞ்சம் அழுத்திப் பிடித்தால், நீளமான ஓசை. அது கோடு. ஒவ்வொரு எழுத்துக்கும் இத்தனை புள்ளி, இத்தனை கோடு என்று கணக்கு உண்டு. அதற்கு மோர்ஸ் முறை என்று பெயர்.

கேட்கிறவர் உயரமான இடத்தில் கம்பி கட்டி வைத்து இருப்பார். அதுதான் ஏரியல். பறந்து வருகிற அலை அந்தக் கம்பியில் பட்டு, இம்மியளவு மின்சாரத்தை உண்டாக்கும். அந்த மின்சாரம் கருவிக்குள் இறங்கும். ஓசையாக மாறிக் காதில் கேட்கும்.

ஆலைக்குள் ஒரு நிலையம்

ஆர்ட்டி ஆலையிலேயே தம்முடைய ரேடியோ நிலையத்தை அமைத்தார். ஒவ்வொரு பாகத்தையும் தாமே செய்தார். கடையில் போய், "ஒரு ரேடியோ கொடுங்கள்" என்று கேட்கிற காலம் அல்ல அது.

வெளியே நீண்ட கம்பிகளை இழுத்துக் கட்டினார். மின்சாரத்துக்கு என்ன செய்வது? ஆற்றுத் தண்ணீரில் சுழல்கிற ஆலைச் சக்கரம் இருக்கிறதே! அதோடு டைனமோவை இணைத்து, பாட்டரிகளுக்கு மின்சாரம் ஏற்றினார். பகலில் கோதுமை அரைத்த அதே ஆற்றுத் தண்ணீர், இரவில் ரேடியோவுக்கும் உதவியது.

ஊரார் அவரை விசித்திரமாகப் பார்த்தார்கள். "காற்றில் செய்தி வருகிறதாம்! கம்பியே இல்லையாம்!" என்று சிலர் கேலி பேசினார்கள். ஆர்ட்டி பொருட்படுத்தவில்லை. இரவு தோறும் காதில் கருவியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்.

1911-ம் ஆண்டு அவருக்கு முதல் வெற்றி கிடைத்தது. அந்த ஆண்டு லிபியா நாட்டுக்காக இத்தாலி, துருக்கி மீது போர் தொடுத்தது. அந்தப் போர்ச் செய்தியை, ஆர்ட்டி தம்முடைய ரேடியோவில் பிடித்துவிட்டார்! லண்டன் பத்திரிகை ஒன்றில் அவரைப் பற்றிய செய்தி வந்தது.

அதற்கு அடுத்த ஆண்டுதான், அந்தப் பயங்கர இரவு வந்தது.

பனிப்பாறையில் மோதியது!

"டைட்டானிக்" கப்பல் அப்போது உலகத்திலேயே பெரிய கப்பல். அதற்கு அதுதான் முதல் பயணம். இங்கிலாந்தில் இருந்து அமெரிக்காவுக்குப் போய்க் கொண்டு இருந்தது. அதில் சுமார் 2,200 பேர் இருந்தார்கள்.

கப்பலில் ரேடியோ அறை ஒன்று உண்டு. ஜாக் பிலிப்ஸ், ஹெரால்டு பிரைடு என்ற இரண்டு வாலிபர்கள் அங்கே வேலை பார்த்தார்கள். பிலிப்சுக்கு வயது 25. பிரைடுக்கு 22.

ஏப்ரல் 14-ந் தேதி இரவு. வழியில் பனிக்கட்டிகள் மிதப்பதாகப் பல கப்பல்கள் எச்சரிக்கை கொடுத்தன. அருகே நின்ற "கலிபோர்னியன்" என்ற கப்பலும் எச்சரித்தது. ஆனால் பிலிப்சுக்கு அப்போது தலைக்கு மேல் வேலை. பணக்காரப் பயணிகள் கொடுத்த சொந்தச் செய்திகளைக் கரைக்கு அனுப்பிக் கொண்டு இருந்தார். "குறுக்கே பேசாதே, நான் வேலையாக இருக்கிறேன்" என்று பதில் கொடுத்தார்.

கலிபோர்னியனில் இருந்த ரேடியோக்காரர் ஒரே ஆள். நாள் முழுவதும் வேலை செய்து களைத்து இருந்தார். கருவியை நிறுத்திவிட்டுத் தூங்கப் போய்விட்டார்.

அவர் கருவியை நிறுத்திய சிறிது நேரத்தில், இரவு 11-40 மணிக்கு டைட்டானிக் பனிப்பாறையில் மோதியது!

கடைசி வரை தட்டிய கை

கப்பலுக்குள் தண்ணீர் புகுந்தது. கப்பல் தப்பாது என்று தெரிந்துவிட்டது. காப்டன், "உதவி கேளுங்கள்" என்று உத்தரவு இட்டார்.

பிலிப்ஸ் தந்திச் சாவியைத் தட்டத் தொடங்கினார். அந்த நாளில் ஆபத்துக்கு "சி.க்யூ.டி." என்ற அடையாளம் இருந்தது. "எஸ்.ஓ.எஸ்." என்பது அப்போதுதான் பழக்கத்துக்கு வந்து கொண்டு இருந்தது. மூன்று புள்ளி, மூன்று கோடு, மூன்று புள்ளி. எவ்வளவு பதற்றத்திலும் தட்டலாம். எவ்வளவு இரைச்சலிலும் புரிந்து கொள்ளலாம். அதற்காகவே அதைத் தேர்ந்தெடுத்தார்கள். பிலிப்ஸ் இரண்டையும் மாற்றி மாற்றித் தட்டினார்.

டைட்டானிக்கின் ரேடியோ பகலில் சுமார் 400 மைல் தூரம் எட்டும். இரவில் 2,000 மைல் வரைகூட எட்டும். ஏன் இந்த வித்தியாசம்? பூமிக்கு மேலே, வெகு உயரத்தில், மின்சாரம் ஏறிய காற்று மண்டலம் ஒன்று இருக்கிறது. பகலில் அதன் கீழ் அடுக்கு இப்படிப்பட்ட அலைகளை விழுங்கிவிடும். சூரியன் மறைந்ததும், அந்த அடுக்கு வலு இழந்துவிடும். மேலே போகும் அலை, கண்ணாடியில் பட்ட வெளிச்சம்போலத் திரும்பித் தரைக்கு வரும். அதனால்தான் இரவு ரேடியோவுக்கு நல்ல நேரம்!

வேல்சில் ஆர்ட்டியின் காதில் அந்த ஓசை விழுந்ததும் அப்படித்தான்.

மாவு ஆலையில் ஆர்ட்டி ஒன்றன் பின் ஒன்றாகச் செய்திகளை எழுதிக் கொண்டார். கப்பல் எங்கே இருக்கிறது, என்ன நேர்ந்தது, பெண்களையும் குழந்தைகளையும் படகில் ஏற்றுகிறார்கள் என்பது எல்லாம் வந்தது. கேட்க முடிந்தது, ஆனால் உதவ முடியவில்லை! அவ்வளவு தூரத்தில் இருந்து என்ன செய்ய முடியும்?

கப்பலில் பிலிப்ஸ் நிறுத்தவில்லை. "உங்கள் கடமை முடிந்தது. இனி உங்கள் உயிரைப் பார்த்துக் கொள்ளுங்கள்" என்று காப்டன் சொல்லிவிட்டார். அப்போதும் அவர் தட்டிக் கொண்டே இருந்தார். அறைக்குள் தண்ணீர் வரும் வரை தட்டினார்.

பிறகு ஓசை தேய்ந்தது. நின்றே போய்விட்டது.

கப்பல் கடிகாரத்தில் அப்போது மணி 2-20. டைட்டானிக் கடலுக்குள் போய்விட்டது. 1,500 பேருக்கு மேல் மாண்டார்கள். அவர்களில் பிலிப்சும் ஒருவர். பிரைடு உயிர் பிழைத்தார்.

யாரும் நம்பவில்லை

பொழுது விடிந்தது. ஆர்ட்டி, தாம் கேட்டதை ஊராரிடம் சொன்னார். உள்ளூர்ப் போலீசாரிடமும் போய்ச் சொன்னார்.

யாரும் நம்பவில்லை!

மூழ்காத கப்பல் என்று பேர் எடுத்த கப்பல் மூழ்கியதாம். அதுவும் நடுக்கடலில். அந்தச் செய்தி லண்டனுக்கு வரும் முன்னே கெல்லிகிராய்ஸ் மாவு ஆலைக்கு வந்துவிட்டதாம். "இந்தப் பையனுக்கு ராத்தூக்கம் இல்லாமல் புத்தி பிசகிவிட்டது" என்று நினைத்தவர்களைக் குறை சொல்ல முடியுமா?

சில பத்திரிகைகள் முதலில், "கப்பலில் இருந்த எல்லோரும் தப்பிவிட்டார்கள்" என்றுகூட எழுதின. இரண்டு நாட்களுக்குப் பிறகு உண்மை வெளிவந்தது. ஆர்ட்டி சொன்னது அத்தனையும் சரி என்று தெரிந்தது. கேலி செய்த வாய்கள் மூடிக் கொண்டன.

தூங்கியதால் வந்த வினை

பிழைத்தவர்கள் 700-க்கு மேற்பட்டவர்கள். அவர்கள் பிழைத்ததற்கும் ரேடியோதான் காரணம். 58 மைல் தூரத்தில் "கார்பேதியா" என்ற கப்பல் போய்க் கொண்டு இருந்தது. அதன் ரேடியோக்காரரும் படுக்கப் போகிற நேரம்தான். காதுக் கருவியைக் கழற்றும் முன்னே, அந்தக் கூக்குரலைக் கேட்டுவிட்டார். கார்பேதியா வேகமாக வந்து, படகில் தத்தளித்தவர்களைக் காப்பாற்றியது.

கலிபோர்னியன் அதைவிட எவ்வளவோ அருகில் இருந்தது. ஆனால் அதன் ரேடியோ உறங்கிவிட்டது.

இந்தப் பாடத்தை உலகம் மறக்கவில்லை. 1914-ம் ஆண்டு பல நாடுகள் கூடி ஓர் ஒப்பந்தம் செய்தன. பெரிய பயணிக் கப்பல்களில் இரவு பகல் எந்நேரமும் ரேடியோவில் ஆள் காதுகொடுத்து இருக்க வேண்டும் என்று விதி வகுத்தார்கள்.

பொழுதுபோக்கே பிழைப்பானது

ஆர்ட்டியின் பெயர் பரவியது. கல்வி அதிகாரிகள் அவரை லண்டனுக்கு அனுப்பித் தந்திப் பள்ளிக்கூடத்தில் படிக்க வைத்தார்கள். அவர் தேர்வில் தேறினார். பிறகு மார்க்கோனி கம்பெனியிலேயே வேலை கிடைத்தது! எந்த மார்க்கோனியின் புகழைக் கேட்டு வளர்ந்தாரோ, அதே மார்க்கோனியின் கம்பெனி!

முதல் உலகப்போரில், போர்க் கப்பல்களுக்கு ரேடியோக் கருவி பொருத்தும் வேலையில் அவர் ஈடுபட்டார். 1922-ம் ஆண்டு, ஒலியைக் கடலுக்குள் செலுத்தி, அது எதிரொலித்துத் திரும்புவதைக் கொண்டு ஆழத்தை அளக்கும் கருவிக்கு உரிமை பெற்றார்.

1947-ல் வேலையில் இருந்து ஓய்வு பெற்றார். 1949-ல் காலமானார். மரக்காலோடு மாவு ஆலையில் வளர்ந்த சிறுவன், கடல் ஆழத்தை அளக்கும் கருவி வரை போனதற்கு வித்து எது? பரிசாக வந்த ஒரு புத்தகம்!

குப்பை என்று கொடுத்தார்கள்!

ஆர்ட்டியைப் போன்றவர்கள் உலகம் எங்கும் இருந்தார்கள். பிழைப்புக்காக அல்லாமல், ஆசைக்காக ரேடியோ நடத்துகிறவர்களை "அமெச்சூர்" என்பார்கள். "ஹாம்" என்றும் ஒரு பெயர் உண்டு.

டைட்டானிக் மூழ்கிய அதே 1912-ம் ஆண்டில், அமெரிக்க அரசாங்கம் ஒரு சட்டம் செய்தது. அமெச்சூர்கள் பெரிய நிலையங்களுக்கு இடைஞ்சல் செய்யக் கூடாது. ஆகவே 200 மீட்டரும் அதற்குக் குறைந்த நீளமும் உள்ள அலைகளைத்தான் அவர்கள் பயன்படுத்த வேண்டும்.

சிற்றலைகளால் பயன் இல்லை என்று நிபுணர்கள் அப்போது எண்ணினார்கள். "இவை பக்கத்து ஊருக்குத்தான் எட்டும். இந்தப் பையன்கள் இதோடு விளையாடட்டும்" என்பது அவர்கள் நினைப்பு. விளையாத நிலத்தைப் பங்கு பிரித்துக் கொடுத்த கதைதான்!

ஆனால் நடந்தது என்ன? 1923-ம் ஆண்டு நவம்பரில், பிரான்சு நாட்டு அமெச்சூர் லியோன் டெலாய், சுமார் 100 மீட்டர் சிற்றலையில் அமெரிக்க அமெச்சூர்களோடு பேச்சு நடத்தினார். கடலைத் தாண்டிக் கேள்வி போயிற்று. பதிலும் வந்தது! பெரிய கம்பெனிகள் பெரும் பணம் செலவழித்து, வானளாவிய கோபுரம் கட்டிச் செய்ததை, இவர்கள் வீட்டு அறையில் உட்கார்ந்து செய்துவிட்டார்கள்.

விளையாத நிலத்தில் தங்கம் கிடைத்தது. பிறகு உலகத்துப் பெரிய வானொலிகள் எல்லாம் சிற்றலைக்கு ஓடி வந்தன.

சென்னையிலும் நடந்தது

நம் ஊரும் பின்தங்கவில்லை. 1924-ம் ஆண்டு சென்னையில் ஆர்வலர்கள் சேர்ந்து "சென்னை மாகாண ரேடியோ சங்கம்" அமைத்தார்கள். கிருஷ்ணசாமி செட்டி என்பவர் இதில் முன்னின்றார். அந்த ஆண்டு ஜூலை 31-ந் தேதி ஒலிபரப்பு தொடங்கியது. கருவியின் சக்தி 40 வாட். இன்று வீட்டில் எரிகிற ஒரு பழைய குண்டு பல்பின் அளவுதான்!

பணம் போதாமல் 1927-ல் சங்கம் ஒலிபரப்பை நிறுத்தியது. அதன் கருவி சென்னை நகராட்சிக்குப் போயிற்று. 1930-ல் நகராட்சி ஒலிபரப்பைத் தொடர்ந்து நடத்தியது. ஆசைக்காகச் சிலர் ஏற்றிய விளக்கு அணையவில்லை.

இப்போது ஒரு மேஜை போதும்

ஆர்ட்டிக்கு ஒரு மாவு ஆலை வேண்டி இருந்தது. இன்றைய அமெச்சூருக்கு ஒரு சின்ன மேஜை போதும்.

அனுப்புவதற்கும் கேட்பதற்கும் ஒரே பெட்டி. டிபன் காரியரைவிடச் சிறிய பெட்டிகள்கூட உண்டு. 12 வோல்ட் பாட்டரியில் வேலை செய்யும். மின்சாரம் போனாலும் கவலை இல்லை. காதுக்கு ஒரு கருவி. பேச ஒரு மைக். தந்தி அடிக்க ஒரு சாவி. நாட்குறிப்பு எழுத ஒரு நோட்டு. நிலையம் தயார்!

ஏரியல்? மொட்டைமாடியில் துணி காயப்போடும் கொடிபோல ஒரு கம்பி. 40 மீட்டர் அலைக்கு, அலையின் பாதி நீளம், அதாவது சுமார் 20 மீட்டர் கம்பி வேண்டும். அதை நடுவில் வெட்டி, அங்கே இருந்து பெட்டிக்கு ஒயர் இறக்கினால் போதும். 5 வாட் சக்தியிலேயே, வானிலை ஒத்துழைத்தால், வெளிநாட்டோடு பேசிவிடலாம்!

ஆனால் நினைத்தவர்கள் எல்லாம் நடத்த முடியாது. மத்திய அரசாங்கம் நடத்தும் தேர்வில் தேறி உரிமம் பெற வேண்டும். உரிமம் பெற்றவருக்கு ஓர் அடையாளப் பெயர் கொடுப்பார்கள். இந்திய அமெச்சூர்களின் அடையாளப் பெயர் பெரும்பாலும் "வி.யூ." என்று தொடங்கும். பிரதமராக இருந்த ராஜீவ் காந்தியும் ஓர் அமெச்சூர்தான். அவருடைய அடையாளம் "வி.யூ.2 ஆர்.ஜி."

இதில் வியாபாரம் பேசக் கூடாது. பாட்டு ஒலிபரப்பக் கூடாது. ரகசிய மொழியும் கூடாது. தோழமைதான் பேச்சு. முதல் முறையாகப் பேசியவர்கள், பேசியதற்கு அடையாளமாக அஞ்சல் அட்டை அனுப்பிக் கொள்வார்கள். சிலருடைய வீட்டில் சுவர் முழுவதும் இந்த அட்டைகள்தான்.

பெரியவர் சின்னவர் என்ற பேதம் இங்கே கிடையாது. ஜோர்டான் நாட்டு அரசர் உசேன், "ஜே.ஒய்.1" என்ற அடையாளத்தோடு யாரோடும் பேசுவார். 1983-ம் ஆண்டு விண்வெளி ஓடத்தில் பறந்த ஓவன் காரியட் என்ற அமெச்சூரோடும் அரசர் பேசினார். ஒருவர் அரண்மனையில், மற்றவர் ஆகாயத்தில்!

சுனாமி வந்த நாளில்

"இப்போதுதான் எல்லார் கையிலும் டெலிபோன் இருக்கிறதே! இந்த ரேடியோ எதற்கு?" என்று கேட்கலாம்.

2004-ம் ஆண்டு டிசம்பர் மாதம். பாரதி பிரசாத் என்ற அம்மையாரின் தலைமையில் சில அமெச்சூர்கள் அந்தமானுக்குப் போய் இருந்தார்கள். அங்கே இருந்து பல ஆண்டுகளாக யாரும் அமெச்சூர் ரேடியோ நடத்தவில்லை. ஆகவே உலகம் எங்கும் இருந்த அமெச்சூர்கள் அவர்களோடு பேச ஆவலாக இருந்தார்கள். அது வெறும் பொழுதுபோக்குப் பயணம்தான்.

டிசம்பர் 26-ந் தேதி விடியற்காலை. போர்ட் பிளேர் நகரம் குலுங்கியது. (அந்த நகரத்துக்கு 2024-ல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றினார்கள்.) நிலநடுக்கம்! பின்னாலேயே சுனாமி!

டெலிபோன் செத்தது. மின்சாரம் நின்றது. தீவுகள் ஒன்றுக்கொன்று தொடர்பு அற்றுப் போயின. அந்த நேரத்தில், அமெச்சூர்களின் சின்னப் பெட்டி பேசியது! அம்மையாரின் குழுவினர் பொழுதுபோக்கை மறந்தார்கள். உதவிப் பணிக்கு வேண்டிய செய்திகளை அனுப்பினார்கள். "நான் உயிரோடு இருக்கிறேன் என்று என் வீட்டாருக்குச் சொல்லுங்கள்" என்று தவித்தவர்களின் செய்திகளைக் கரைக்குக் கொண்டு சேர்த்தார்கள்.

அந்தமானில் தமிழர்கள் நிறைய உண்டு. அந்தச் சில நாட்களில், "இருக்கிறார்" என்ற ஒரு சொல்லுக்காக எத்தனை வீடுகள் காத்துக் கிடந்தன!

1912-ல் ஆர்ட்டி கேட்டார். ஆனால் யாரும் நம்பவில்லை. 2004-ல் அமெச்சூர்கள் பேசினார்கள்; ஊரே காதுகொடுத்துக் கேட்டது.

இன்றும் எங்கோ ஒரு வீட்டு மொட்டைமாடியில், கொடிபோல ஒரு கம்பி ஆடிக் கொண்டு இருக்கும். கீழே ஒரு சின்ன அறையில், யாரோ ஒருவர் தூங்காமல் உட்கார்ந்து இருப்பார். "இவருக்கு வேறு வேலை இல்லையா?" என்று அக்கம்பக்கத்தார் நினைக்கலாம்.

அவர் காது கொடுத்து இருக்கிறார். எங்கே, யாருக்கு, எப்போது ஆபத்து வரும் என்று யாருக்குத் தெரியும்?